வெருளிக்கு ஒரு சேட்டு

போன வெள்ளிக்கிழமை வரை என் அலுமாரியில், சேலைகளுக்கு மேலே, பிரிக்காத சேட்டு ஒன்று கிடந்தது. வானநீலம், மெல்லிய வெள்ளைக் கோடு. கழுத்துக்குள் மட்டையும் நெஞ்சில் குண்டூசியும் கடையில் இருந்தபடியே இருந்தன. கழுத்தளவு நாற்பத்திமூன்று. எங்கள் வீட்டில் அந்தக் கழுத்து ஒருவருக்கும் இல்லை. என் மனுசனுக்கு உயிரோடு இருந்த காலத்திலேயே கோழிக்கழுத்து. மகன் ரீசேட்டைத் தவிர வேறொன்றும் போடமாட்டான். அலுமாரி துடைக்க வந்த மருமகள் அதைக் கண்டுவிட்டு, இது யாருக்கு மாமி என்று கேட்டாள். ஓர் ஆள் பார்த்து வைத்திருக்கிறேன், கலியாணப் பேச்சுக்கால் முடிந்ததும் சொல்கிறேன் என்றேன். அவள் சிரித்துக்கொண்டு அலுமாரியைப் பூட்டினாள். நான் சொல்கிற பொய்க்கு எல்லாரும் சிரிப்பார்கள். அதனால் உண்மையைச் சொல்லவேண்டிய இடத்திலும் பொய்யே சொல்லிப் பழகிவிட்டேன்.

அந்தச் சேட்டை வாங்கச் சொன்னவர் என் மச்சாள். என் மனுசனின் மூத்த சகோதரி. இங்கிலாந்தில், லண்டனிலிருந்து ரயிலும் பிறகு பஸ்ஸும் பிடித்துப் போகவேண்டிய சின்னக் கிராமம் ஒன்றில், அந்த ஊருக்கு இருந்த ஒரே கடையை மச்சாளும் அவருடைய புருசனும் நடத்தினார்கள். ஒவ்வொரு வருடமும் வெயில் தொடங்கும்போது மச்சாளிடமிருந்து எனக்கு ஃபோன் வரும். நான் அப்போது பாரிஸில் லா சப்பலில், ரூ லூயி-பிளாங் தெருப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையொன்றின் குசினியில் றோல்ஸ் சுற்றுகிற வேலை. மாக்கையோடு ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கதைப்பேன். "எடியே, ஒரு சேட்டு வாங்கி அனுப்பு. நீலம். கழுத்து நாப்பது" என்பார். ஒன்றிரண்டு வருடம் போனதும் அது நாற்பத்தியொன்றாகும். பிறகு நாற்பத்திரண்டு. மச்சாளின் புருசனை நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குச் சிறுநீரகம் பழுதாகி, கழுத்து வருடாவருடம் சுருங்கிக்கொண்டு வந்த காலம் அது. எனக்கு வாய் சும்மா கிடக்குமா?

"ஆர் மச்சாள் அந்த ஆள்? நல்லாச் சாப்பாடு போடுறியள் போல, கழுத்து ஊதுது. அண்ணைக்குத் தெரியுமோ?"

"உன்ர வாயைப் பொத்திக்கொண்டு வாங்கி அனுப்படி."

அவ்வளவுதான். மெத்ரோ ஓடுகிற பாலத்தடிக் கடையில் வாங்கி, பெட்டியில் போட்டு அனுப்பிவிடுவேன். குசினியில் நின்ற பெண்களுக்கு மச்சாளின் கள்ளக் காதலனைப் பற்றிக் கதை கட்டுவேன். குதிரை வைத்திருக்கும் வெள்ளைக்காரன், அரைக்கைச் சட்டை பிடிக்காது, நீலம் மட்டும்தான் போடுவான் என்று. வெங்காயம் உரித்தபடியே அழுது அழுது சிரிப்பார்கள்.

மச்சாளுக்கு ஒரே பிள்ளை. மகனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார், எங்கள் எல்லாருக்கும் அவன் தம்பிதான். அண்ணை முதலில் லண்டனுக்குப் போய், பெற்றோல் செற்றில் வேலைக்கு நின்று, பிறகு மச்சாளைக் கூப்பிட்டார். மச்சாளுக்கு விசா வந்தது. தம்பிக்கு வயது கடந்துவிட்டது என்று வரவில்லை. பின்னால் எடுக்கலாம் என்று மச்சாள் ஏறிவிட்டார். அந்தப் பின்னால் என்பது வரவேயில்லை. ஊரில் கடைசிச் சண்டையில் சனத்தோடு சனமாக நடந்து வந்த தம்பி ஆமிக்காரரின் பஸ்ஸில் ஏறினதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். இறங்கினதைக் கண்டவர்கள் இல்லை. அண்ணை தெரிந்த இடமெல்லாம் எழுதிப்போட்டார், தெரியாத இடத்துக்கும் எழுதிப்போட்டார். கடைசியில் லண்டனில் இருக்கப் பிடிக்காமல், தமிழ் முகமே இல்லாத அந்த ஊரில் கடை விலைக்கு வந்ததும் போய்விட்டார்கள். துக்கம் விசாரிக்க ஆள் வராத ஊர் வேண்டும் என்று மச்சாள் கேட்டதாக அண்ணை ஒருமுறை சொன்னார்.

ஒரு வருடம் ஃபோன் எடுத்தது அண்ணை. கடைக்குப் பின்பக்கம் நின்று கதைக்கிறார் என்று குரலிலேயே தெரிந்தது. தனக்கு இனி அதிகம் இல்லை என்று டாக்குத்தர்மார் சொல்லிவிட்டதாகச் சொன்னார். சாகிறதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. கவலை வேறு. "தங்கச்சி, நான் கண்ணை மூடமுன்னம் தம்பிக்கு ஒருக்கா திவசம் செய்யவேணும். ஒரு பிடி சோறு காகத்துக்கு வைக்கவேணும். நான் போனால் அவனுக்கு ஆர் வைக்கிறது? அவ விடுறாவில்லை. நீ வந்து சொல்லு. அழுதுகொண்டு வாறவையை அவ கிட்ட எடுக்கமாட்டா. நீ சிரிப்புக் காட்டுறனி, உன்னை விடுவா." எனக்குக் கை மாவு காய்ந்துவிட்டது. எங்கள் ஆட்களுக்கு அது என்னவென்று சொல்லத் தேவையில்லை. செத்தவர் காகமாக வந்து அந்தச் சோற்றை எடுக்கவேண்டும், எடுத்த பிறகுதான் வீட்டார் கை நனைப்பார்கள். சோறு வைத்தால் அண்ணையின் பிள்ளைக்குப் பசி தீரும். அதே சோற்றால் மச்சாளின் பிள்ளை செத்துப்போவான். இரண்டும் ஒரே பிள்ளை.

கார் து நோர்ட் ஸ்டேசனில் ரயில் ஏறிப் போனேன். நல்ல வடிவான ஊர், பொய் சொல்லக்கூடாது. நடுவில் ஒரு குளம், அதில் தாரா வாத்து நீந்தும். தாரா ரோட்டைக் கடக்கும், கவனம் என்று அதற்கொரு பலகை. லா சப்பலில் பிள்ளைத்தாய்ச்சி ரோட்டைக் கடந்தாலும் ஹோண் அடிப்பார்கள். வீடுகளுக்கு வைக்கலால் கூரை வேய்ந்திருந்தார்கள், ஓட்டு வீட்டைவிட அதற்குத்தான் விலையாம். ஒருவரும் நில்லாத படலையில் முட்டைப் பெட்டியும் உண்டியலும் வைத்திருந்தார்கள். காசைப் போட்டுவிட்டு முட்டையை எடுக்கவேண்டும். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் குளத்தைப் படம் எடுப்பார்கள், தேத்தண்ணிக் கடையில் பணிஸைப் பிளந்து ஜாமும் பாலாடையும் அப்பித் தின்பார்கள், பிறகு தோட்டக்காரர்களின் வயலுக்குள்ளால் எங்கேயும் போகாமல் நடப்பார்கள். எதைக் கண்டாலும் லவ்லி. எனக்குப் பிடித்தது குளக்கரையில் ஆட்கள் இருக்கப் போட்டிருந்த வாங்குகள்தான். செத்தவர்களின் பெயரைப் பித்தளைத் தகட்டில் வெட்டி வாங்கில் அடித்திருந்தார்கள். அதன்மேல் இருந்து சாண்ட்விச் சாப்பிட்டார்கள். இவையின்ர ஆக்களுக்குக் காகம் தேவையில்லை, சாப்பாடு நேரே மடியில் கொட்டுப்படுது என்று மச்சாளிடம் சொன்னேன். மச்சாள் சிரிக்கவில்லை.

மச்சாள் அங்கே வாழ்ந்த வாழ்க்கையை நான் அப்போதுதான் கண்டேன். விடியப் பேப்பர் கட்டை அவிழ்ப்பார், பாண் அடுக்குவார், வருகிற கிழவிமார் ஒவ்வொருவரிடமும் அவர்களின் முழங்காலைப் பற்றி இங்கிலீசில் கேட்பார். அவர்களும் அண்ணையின் சுகம் கேட்பார்கள். ஒருவருக்கும் மகன் காணாமல்போன விஷயம் தெரியாது. பிள்ளைகள் உண்டா என்று கேட்டால், ஓம், ஒரு பெடியன், வெளிநாட்டில் என்பாராம். கடை பூட்டினால் இரண்டு பேரும் மேல்வீட்டில் ரிவியைப் பார்த்தபடி கதைக்காமல் இருப்பார்கள். தமிழ் அந்த ஊரில் இரண்டு வாயில்தான் இருந்தது. அதுவும் மருந்து குடிச்சாச்சோ, கதவு பூட்டியாச்சோ என்பதோடு முடிந்துவிடும். கடைக்குப் பின்னால் குப்பைத் தொட்டியில் காகம் வந்து குந்தினால் மட்டும் மச்சாளின் குரல் எழும்பும். விளக்குமாற்றோடு ஓடுவார். "இஞ்சை உனக்கு வேலையில்லை, போ" என்று நல்ல தமிழில் துரத்துவார். இங்கிலீசுக் காகம், தலையைச் சரித்துக் கேட்டுவிட்டுப் போகும். அண்ணை மேல் யன்னலில் நின்று பார்ப்பார். அந்தக் காகத்தை மறிப்பதற்கும் கூப்பிடுவதற்கும் அந்த வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள், இரண்டு பேரும் கிழடுகள்.

நான் போன கிழமை அந்த ஊரின் பெரிய கொண்டாட்டக் கிழமை. வருடத்தில் ஒருமுறை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு வெருளி செய்து நிறுத்துவார்கள். வயலில் காகம் கலைக்க நிறுத்துகிற வைக்கல் மனுசன்தான், ஆனால் இவர்கள் அதற்கு அரசன், சூனியக்காரி, நிலவுக்குப் போகிறவன் என்று வேசம் போட்டுவிடுவார்கள். பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் கார் வரும். மச்சாளும் செய்கிறார் என்று சாமான் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். பிஸ்கற் பெட்டிகளுக்கு நடுவில், கதிரையில், என் சேட்டு இருந்தது. நான் லா சப்பலிலிருந்து அனுப்பிய அதே நீலச் சேட்டு. உள்ளே வைக்கல். சேட்டுக்குள் ஒரு சின்னத் தலையணையைச் சொருகி வயிற்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார் மச்சாள். பின்னால் ஆணியில் பழைய சேட்டுகள் அளவு வாரியாகத் தொங்கின. வருடாவருடம் கழுத்துப் பெருத்தது தம்பிக்கு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. குதிரைக்காரனைப் பற்றி நான் கட்டிய கதையெல்லாம் நினைவுக்கு வந்தது. இருந்தும் வாய் தன்பாட்டில், "பெடியன் கொழுத்திட்டான் மச்சாள்" என்றது.

மச்சாள் நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. யாரோ கேட்கவேண்டும் என்று காத்திருந்த மாதிரி. "செத்தவைக்கு வயசு போகாதடி. படத்தில இருக்கிற மாதிரியே இருப்பினம். இவனுக்குப் போகுது. இந்த வயசில தகப்பனுக்கும் இப்பிடித்தான் வயிறு வண்டி வைச்சது."

தலை மாச்சாக்கில் செய்தது. அதில் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. ஏன் முகம் கீறவில்லை என்று கேட்டேன். "கழுத்து மட்டும் கணக்குப் பாக்கலாம். முகம் எப்பிடி மாறியிருக்கும் எண்டு எனக்குத் தெரியேல்லை" என்று சொல்லி, தொப்பியைத் தாழ இறக்கிவிட்டார். அண்ணை என்னிடம் தந்துவிட்ட திவசக் கதையை நான் எடுக்கவேயில்லை.

கொண்டாட்டத்தின் கடைசி நாள் பின்னேரம் எல்லா வெருளிகளையும் குளத்தடிப் புல்வெளியில் குவித்துக் கொளுத்துவது அந்த ஊர் வழக்கம். முதல் பரிசு எடுத்த வெருளிக்கு மரியாதை, குவியலின் உச்சியில் இடம். மச்சாளுக்கு இது தெரியும். அதனால்தான் தம்பிக்கு அரசன் வேசமோ வேறு வேசமோ போடுவதில்லை. சேட்டுப் போட்ட சாதாரண மனுசனுக்கு யார் பரிசு தருவார்கள்? பின்னேரம் எல்லாரும் புல்வெளிக்குத் தூக்கிக் காவிக்கொண்டு போகும்போது மச்சாள் சத்தமில்லாமல் தன்னுடையதை உள்ளே தூக்கி வைத்துவிடுவார். அந்தக் கிழமை முழுக்க அண்ணை முன்வாசலால் போவதில்லை, பின்கதவால்தான் போய் வருவார். இப்படியே வருடங்கள் ஓடியிருக்கின்றன. ஆனால் அந்த வருடம் கடைக்கார மனுசன் சாகப்போகிறார் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. நல்ல சனம். என்ன செய்வது, பாவம் அந்த மனுசி, ஏதாவது சந்தோசம் கொடுக்கவேண்டும் என்று கூடிக் கதைத்து, முதல் பரிசை மச்சாளின் வெருளிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

சேர்ச்சுப் பாதிரியம்மா அறிவித்தார். ஊரே கைதட்டியது. இரண்டு பேர் போய்க் கடை வாசலிலிருந்து தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவன் கால் இரண்டும் காற்றில் ஆடியது. மச்சாள் ஓடிப்போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். மச்சாள் வெட்கப்படுகிறார் என்று நினைத்து அவர்கள் சிரித்தார்கள், இன்னும் கொஞ்சம் கைதட்டினார்கள். அண்ணையைச் சக்கரக் கதிரையில் வைத்து நான்தான் தள்ளிக்கொண்டு வந்திருந்தேன். அவர் அந்தக் குவியலைப் பார்த்தார், உச்சியில் விட்டிருந்த இடத்தைப் பார்த்தார். அவருடைய முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. கடனுக்கு ஓடித் திரிந்த ஆளுக்கு வாசலில் காசு கிடந்த மாதிரி.

"இஞ்சரும், விடும். இது தானா வந்த வழி. அவனை விடும்" என்றார். கெஞ்சினார்.

மச்சாள் திரும்பவில்லை. "உயிரோட இருக்கிற பிள்ளைக்குக் கொள்ளி வைக்கச் சொல்லுறியளோ?"

சுற்றி நின்ற சனம் எங்களைப் பார்த்துச் சிரித்த முகமாகவே நின்றது. எங்கள் பாசையில் ஏதோ சந்தோசம் பேசுகிறோம் என்று நினைத்திருக்கும். அண்ணையும் மச்சாளும் என்னைப் பார்த்தார்கள். என்னிடம் எப்போதும் ஏதாவது ஒன்று இருக்கும், செத்த வீட்டிலும் நான் ஆட்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அன்றைக்கு ஒன்றும் இல்லை. நாக்கு வைக்கலாகக் கிடந்தது.

மச்சாள் தம்பியைப் புல்லில் கிடத்தினார். பக்கத்தில் இருந்து, மேலிருந்து கீழாகச் சேட்டுப் பொத்தானைக் கழற்றினார். சின்னப் பிள்ளையைக் கிணற்றடியில் இருத்தி உடுப்புக் கழற்றுகிற மாதிரி, ஒரு கையைத் தூக்கி, பிறகு மற்றக் கையைத் தூக்கி. தலையணையை உருவி என்னிடம் தந்தார். சப்பாத்து, காற்சட்டை, தொப்பி. கடைசியில் தடியில் கட்டின வைக்கலும் மாச்சாக்கும் மிஞ்சியது. எழும்பி அதைத் தள்ளிவிட்டார். "இந்தாங்கோ, கொண்டுபோங்கோ. வைக்கல்தானே" என்றார் தமிழில். அவர்களுக்கு அது விளங்கிய மாதிரிச் சிரிப்பு வெடித்தது. கடைக்காரி ஒரு சேட்டைக்கூட வீணாக்கமாட்டாள் என்று யாரோ சொல்ல, இன்னும் சிரித்தார்கள். நான் வாய் திறக்காமல் ஒரு ஊர் சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன். வைக்கல் உச்சிக்குப் போனது. நெருப்பு வைத்தார்கள். அண்ணை கதிரையில் இருந்தபடியே இரண்டு கையையும் கூப்பினார். மச்சாள் மடித்த சேட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குளத்துத் தாராவைப் பார்த்தபடி நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணை முழுகவேண்டும் என்றார். செத்த வீட்டால், சுடலையால் வந்தால் நாங்கள் முழுகாமல் ஒன்றையும் தொடமாட்டோம். நாலு அடிக்கு மேல் நடக்க ஏலாத மனுசன், குளியலறைக்குள் கதிரை போட்டு இருந்து, தலையில் தண்ணீர் வார்க்கிற சத்தம் கேட்டது. நெடுநேரம் வார்த்தார். மச்சாள் கைகூடக் கழுவவில்லை. நேரே குசினிக்குள் போய் அடுப்பை மூட்டி உலை வைத்தார். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது என்று தெரிந்துதான் எரித்தார். அண்ணை ஈரத் தலையோடு வந்து, "தங்கச்சி, தண்ணி சூடாக் கிடக்கு, நீயும் முழுகன்" என்றார். குசினிக்குள்ளிருந்து மச்சாள், "சோறு ஆறுது, சாப்பிட வாடி" என்றார். நடுவில் நான் தலையணையோடு நின்றேன். முழுகினால் மச்சாளின் பிள்ளையைக் கொன்றவள் நான். முழுகாவிட்டால் அண்ணையின் பிள்ளையைப் பட்டினி போட்டவள் நான். காலில் சேறு பிரண்டுபோட்டுது என்று சொல்லிக்கொண்டு போய், முழங்கால் வரை கழுவினேன். அதற்கு மேலே நனையாமல் பார்த்துக்கொண்டேன். வந்து சாப்பிட இருந்தேன்.

அண்ணை இலை கொட்டுகிற காலத்தில் போய்விட்டார். நிம்மதியாகத்தான் போனார் என்று எல்லாரும் சொன்னார்கள், எனக்கு மட்டும் ஏன் என்று தெரியும். குளத்தடியில் அவருடைய பெயரில் ஊர் ஒரு வாங்கு போட்டது. மச்சாள் கடை பூட்டியபின் போய் அதில் ஒரு கரையில் இருப்பாராம். ஒரு வருடம் முடிந்து அண்ணையின் ஆட்டைத் திவசத்துக்கு நான் போனபோது, கொண்டாட்டக் காலமே இல்லை, கடை முன்வாசலில் புது வெருளி நின்றது. புதுச் சேட்டு. பின்பக்கம் அண்ணைக்குப் படைத்த சோற்றை மச்சாளே கொண்டுபோய் வைத்தார், காகத்தை வாய்விட்டுக் கூப்பிட்டார். முன்னுக்கு ஏன் அவனை நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். "இந்த வீட்டில ஒராள்தான் செத்தது எண்டு காகத்துக்கு விளங்கவேணும்" என்றார்.

இந்த வருடம் ஃபோன் வெயிலுக்கு முந்தியே வந்தது. நாற்பத்திமூன்று என்றார். நான் வாங்கினேன். அனுப்புவதற்குள் மச்சாள் பாண் அடுக்கிக்கொண்டு நின்ற இடத்தில் விழுந்தவர் எழும்பவில்லை. வாங்கில் அவருடைய பெயரையும் சேர்த்து வெட்டிவிட்டார்கள். கடை விலைக்குப் போய்விட்டது. ஆணியில் தொங்கின சேட்டுகளை யார் எடுத்தார்களோ தெரியாது. இந்த ஒன்றுதான் மிச்சம். பெற்றவர்கள் இரண்டு பேரும் போனபின் அந்தப் பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று சொல்ல உலகத்தில் ஒரு வாயும் இல்லை. என்னுடையது இருக்கிறது, ஆனால் அதை யார் நம்புகிறார்கள்?

போன வெள்ளிக்கிழமை லா சப்பல் கோயிலுக்குப் போய் ஐயரிடம் திவசத்துக்கு நாள் பார்க்கக் கேட்டேன். கதை எல்லாம் அவருக்குத் தெரியும். "மூண்டு பேருக்கும் ஒண்டாச் செய்து முடிப்பமே அம்மா?" என்று கேட்டார். நல்ல மனுசன், அவரும் அந்தக் கிராமத்துச் சனம் மாதிரித்தான். ரெண்டு பேருக்கு ஐயா என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நாள் குறித்துத் தந்தார். எனக்கு அந்த நாள் வரைக்கும் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்து, முழுகி, சமைத்து, பல்கனியில் இரண்டு பங்காகச் சோறு வைத்தேன். அலுமாரியைத் திறந்து சேட்டைப் பிரித்தேன். குண்டூசியெல்லாம் கழற்றிப் பல்கனிக் கொடியில் கொழுவினேன், ஒருவர் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று காகத்துக்கு விளங்கட்டும் என்று. நாங்கள் இருக்கிற சார்செல் மாடிவீட்டுக் காற்றுக்கு அது கையை வீசி ஆடியது. எதிர்க் கூரையில் குந்தின காகம் கிட்ட வரவேயில்லை. சோறு ஆறியது. எனக்கு அழுகை வந்தது. சேட்டைக் கழற்றினால் பிள்ளை போச்சு, கழற்றாவிட்டால் பெற்றவர்கள் பசி. மச்சாளுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு வாசல் இருந்தது. எனக்கு இருந்தது ஒரு பல்கனி.

கொடியிலிருந்து சேட்டை எடுத்துச் சேலைக்கு மேலால் நான் போட்டுக்கொண்டேன். கழுத்துவரை பொத்தானைப் பூட்டினேன். கை விரலுக்குக் கீழே தொங்கியது, மருமகள் கண்டிருந்தால் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் எடுத்திருப்பாள். கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடிக்கு உள்ளே கதிரையைப் போட்டு, அசையாமல் இருந்தேன். காகம் வந்தது. தலையைச் சரித்து என்னைப் பார்த்தது. இரண்டு பங்கிலும் வாய் வைத்தது. மூன்றாவதைத் தேடவில்லை, சேட்டுக்குள் ஆள் உயிரோடு இருந்தது.